பெருவிரல் வைத்த மனுக்கள்

போன மாதம் மலாக்காவில், செமாபோக்கில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்த பெண், அரசாங்கத்தின் செய்திப் பிரிவு ஒன்றில் வேலை செய்கிறாளாம். சோறு வருவதற்கு முன்பே என் பக்கம் திரும்பி, "அங்கிள், நீங்க பேப்பர் படிச்சே சம்பளம் வாங்குனீங்களாமே, உண்மையா?" என்று கேட்டாள். அப்பளம் வைத்துக்கொண்டு வந்தவர்கூடச் சிரித்துவிட்டார். உண்மைதான் என்றேன். முப்பத்து மூன்று வருடம் பத்திரிகை படித்தேன், அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள், இன்றைக்கும் அந்த ஓய்வூதியத்தில்தான் சாப்பிடுகிறேன். "இப்ப நாங்க படிக்கிறதே இல்ல அங்கிள். எத்தன பேரு ஆதரவு, எத்தன பேரு எதிர்ப்புன்னு கம்ப்யூட்டரே எண்ணிக் குடுத்துரும் லா" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் அவள்மேல் இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணித்தான் நாற்பத்தொரு குடும்பங்களின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தேன். மோர் வருவதற்குள் சொல்லி முடிக்கிற கதை அல்ல அது. அதனால் எழுதுகிறேன்.

நான் மலாக்கா டவுனில், காஜா பெராங்கில் பிறந்தவன். ஆங்கிலப் பள்ளியில் சீனியர் கேம்பிரிட்ஜ். தமிழ், பஜனை மடத்து ஞாயிறு வகுப்பில். மொழிபெயர்ப்பாளர் தேர்வு எழுதித் தேறி, கோலாலம்பூரில் மூன்று மாதம் பயிற்சி பெற்றேன். ஒரு முழுத் தலையங்கத்தை ஏழு வரி ஆங்கிலத்தில் எப்படிச் சுருக்குவது என்பதைத்தான் அந்த மூன்று மாதமும் சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வந்து வேலையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நகரத் திடலில் பெருங்கூட்டம் கூட்டி மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று அறிவித்த அதே ஆண்டு. ஊரே நெஞ்சை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தது, நான் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்த்தியிருந்தேன்.

வேலை இதுதான். ரயில் தண்டவாளத்தை யுத்தகாலத்தில் ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால், தமிழ்ப் பத்திரிகைகள் தம்பின் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் ஏறி, பத்து மணி வாக்கில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும். அரசாங்கம் செய்ததைப் பற்றியோ செய்யப்போவதைப் பற்றியோ ஒரு வரி வந்திருந்தாலும் அதை வெட்டிக் காக்கிநிறத் தாளில் ஒட்டவேண்டும். பக்கத்தில் நான்கு கட்டங்கள்: பத்திரிகையின் பெயர், பொருள், சுருக்கம், குறிப்பு. பொதுமக்கள் தமிழில் எழுதி அனுப்பும் மனுக்களுக்கும் இதே தாள்தான். முதல் மூன்று கட்டத்திலும் என் சொந்தச் சரக்கு எதுவும் இருக்கக்கூடாது. நான்காவது கட்டத்தில் மட்டும், கண்ணால் கண்டது ஏதாவது இருந்தால் எழுதலாம். பெயரில்லாக் கடிதம், கிழிந்த தாள், தேதி இல்லை, இப்படி. பகல் பன்னிரண்டுக்குள் தாள் மேலதிகாரியின் மேசைக்குப் போய்விடவேண்டும்.

மேலதிகாரி இஞ்சே ஹம்சா, அதாவது திரு. ஹம்சா; நேரில் துவான், ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். மூவார் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர். அவர் தாள்களை உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் நின்றுகொண்டு, ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்துக்குக் காட்டிப் படிப்பார். பச்சைப் பென்சிலால் ஒரு கோடு போட்டால் பார்த்தாயிற்று என்று அர்த்தம். சிவப்புப் பென்சில் எடுத்தால் யாரோ பதில் சொல்லியாகவேண்டும். கோடு போடுவதற்கு முன் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்: "சியாப்பா காத்தா?" யார் சொன்னது? பத்திரிகை சொன்னது என்று நான் சொன்னால் தலையை ஆட்டமாட்டார். பத்திரிகையிடம் யார் சொன்னது, யார் சொல்லச் சொன்னது, இந்த விஷயத்தில் பேசவேண்டியவர்களில் யார் இன்னும் பேசவில்லை என்று பின்னாலேயே போவார். இந்த மனிதருக்கு ஒரு காகிதத்தைக் காகிதமாகப் பார்க்கவே தெரியாதா என்று முதல் ஆறு மாதம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

எனக்கு எதிர் மேசையில் டைப்பிஸ்ட் சண்முகம் பிள்ளை. மலாக்காச் செட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட தமிழர்கள். நெற்றி நிறைய விபூதி, வீட்டில் குறையில்லாமல் பூஜை, ஆனால் பேச்செல்லாம் மலாய்தான். தமிழில் பத்து வார்த்தை தேறாது. "உங்க பேரைத் தமிழ்ல எழுதிக் காட்டுங்க பிள்ளை, காப்பி வாங்கித் தர்றேன்" என்று நான் கிண்டல் செய்வேன். "உனக்கு டைப் அடிக்கத் தெரியுமா, ரெண்டு காப்பி நான் தர்றேன்" என்று மலாயில் திருப்பிக் கொடுப்பார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாட்டு விவகாரம் வந்தது. டவுன் எல்லைக்குள் யாரும் பால்மாடு வளர்க்கக்கூடாது, இருப்பவர்கள் பல மைல் தள்ளிப் போய்விடவேண்டும் என்று ஒரு விதி போடப் பார்த்தார்கள். காஜா பெராங்கில் அப்போது வீட்டுக்குப் பின்னால் நாலு மாடு, ஆறு மாடு கட்டிப் பால் கறந்து, சைக்கிளிலும் தலையிலும் கொண்டுபோய் விற்ற தமிழர்கள் நிறையப் பேர். பல மைல் தள்ளிப்போனால் காலைப் பாலை விடிவதற்குள் டவுனுக்குக் கொண்டுவர முடியாது. மாட்டை விற்கவேண்டியதுதான்.

விதி வேண்டும் என்று கேட்டவர்கள் சாமானியர்கள் இல்லை. கடற்கரைப் பக்கம், உஜோங் பாசிரிலும் கிளேபாங்கிலும் புதிதாக வீடு கட்டியவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். டின்பால் விற்கும் மொத்த வியாபாரிகள் அதற்குப் பின்னால் நின்றார்கள். ஆங்கிலப் பத்திரிகையில் வாரம் தவறாமல் கடிதம் வந்தது: ஈ, நாற்றம், வயிற்றுப்போக்கு, சுதந்திரம் பெறப்போகும் நாட்டின் நகரத்தில் மாட்டுக் கொட்டகையா? பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அரசாங்கம் ஒரு மாதம் தவணை கொடுத்தது. ஆங்கிலத்தில் சுத்தமாக டைப் அடித்த மனுக்கள் கட்டுக்கட்டாக வந்தன. கடைசி வாரத்தில் தமிழ் மனுக்கள் நாற்பத்தொன்று வந்து என் மேசையில் விழுந்தன.

பிரித்த உடனே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. பாசார் என்கிற சந்தைப் பக்கம், கடை வாசல் நடைபாதையான ஐந்தடியில் ஒரு மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த சின்னசாமி அண்ணன். தமிழ்ப் பத்திரிகைக்கு ஊர்ச் செய்தி அனுப்புவதும் அவர்தான். 'கருணைக் கடலாகிய துரையவர்கள் சமூகத்துக்கு' என்று ஆரம்பித்து, 'ஏழைகள் கண்ணீர் துடைக்க' என்று முடிப்பார். நாற்பத்தொன்றும் அதே கண்ணீர், அதே சுழித்த எழுத்து, அதே ஊதா மை. அந்த அலங்காரத் தமிழைக் கண்டாலே எனக்கு எரிச்சல். எல்லாவற்றையும் ஒரே தாளில் ஏழு வரியில் சுருக்கினேன். நான்காவது கட்டத்தில், 'நாற்பத்தொன்றும் ஒரே ஆளின் கையெழுத்து' என்று எழுதினேன். எழுதும்போது என் கூர்மையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இஞ்சே ஹம்சா ஜன்னலோரம் நின்று படித்தார். "சியாப்பா காத்தா?"

"ஒரே ஆள், துவான். எனக்கு அவரைத் தெரியும்."

"நிச்சயமா?"

"நிச்சயம், துவான்."

பச்சைக் கோடு போட்டுக் கையொப்பம் வைத்தார்.

அடுத்த வாரம் சுகாதாரக் குழுவுக்குப் போன அறிக்கையில் என் வரி இன்னும் கொஞ்சம் சதை போட்டிருந்தது: தமிழ் மனுக்கள் தனி ஒருவரின் வேலையாகத் தெரிகிறது. அதை யார் எடுத்துக் கொடுத்தார்களோ, ஆங்கிலப் பத்திரிகையில் மூன்றாம் பக்கத்தில், 'இல்லாத பால்காரர்கள் எழுதிய மனுக்கள்' என்று தலைப்புப் போட்டு வந்துவிட்டது. நாற்பத்தொன்று ஒன்றாகி, அந்த ஒன்றும் பூஜ்யமாகிவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றியது மாரியாயி அக்கா. புருஷன் போய்ச் சேர்ந்தபின் ஐந்து மாட்டை வைத்து மூன்று பிள்ளைகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தவர். அந்தப் பத்திரிகை வந்த மறுநாள் காலை, பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"தம்பி, நீ ஓபீஸ்ல பேப்பர் பாக்குற ஆளு. ஒண்ணு கேக்கணும். வெள்ளக்காரன் பேப்பர்ல நாங்க யாரும் இல்லவே இல்லன்னு போட்டிருக்காங்களாமே?"

"அப்படி இல்லக்கா, மனு எல்லாம் ஒரே ஆளு எழுதுனதா..."

"எனக்கு எழுதத் தெரியாதுப்பா. சின்னசாமியண்ணன் எழுதுனாரு. நான் பெருவிரலு வெச்சேன். அது என்னோட வெரலுதானே? அப்ப நான் இல்லையா?"

சட்டையை மாட்டிக்கொண்டு, பசியாறாமலேயே அலுவலகத்துக்கு ஓடினேன். கோப்பை எடுத்துப் பிரித்தேன். ஒவ்வொரு மனுவின் அடியிலும் ஒரு பெயர், ஒரு பெருவிரல் ரேகை. நாற்பத்தொரு விரல். ஒன்று அகலம், ஒன்று குச்சி, ஒன்றில் குறுக்கே வெட்டுத் தழும்பு. அத்தனையும் அன்றைக்கும் என் கண்முன்னால்தான் இருந்தன. நான் எழுத்தைப் பார்த்தேன், விரலைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தமிழ்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, மாரியாயி அக்கா கேட்ட கேள்வியே தலைப்பாக வந்தது: 'அப்படியானால் நான் இல்லையா?' சின்னசாமி அண்ணனின் வேலை. இந்தமுறை ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லாமல் எழுதியிருந்தார். அதை வெட்டி, ஒட்டி, ஏழு வரியில் சுருக்கவேண்டிய ஆளும் நான்தான். ஒரு சொல் குறைக்காமல் செய்தேன். குறிப்புக் கட்டத்தில், 'இது சரி. நான் முன்பு எழுதிய குறிப்பு அரைகுறை. ஒவ்வொரு மனுவிலும் தனித்தனிப் பெருவிரல் ரேகை இருக்கிறது' என்று எழுதிக் கொண்டுபோனேன். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை.

இஞ்சே ஹம்சா அதை இரண்டு முறை படித்தார். நான் பழைய தாளை மாற்றி எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"கோப்பில் போனதை அழிக்கக்கூடாது, ராமையா. கீழே எழுதலாம்" என்றார். "மன்னிப்பெல்லாம் எழுதாதே. அதை வைத்துக் குழு என்ன செய்யும்? இந்த நாற்பத்தொரு விரலும் என்ன சொல்லச் சொன்னது என்று போய்க் கேட்டு வா."

பிறகு ஆங்கில மனுக் கட்டை எடுத்துப் பிள்ளையின் மேசையில் வைத்து, ஒரு டைப்பிஸ்ட்டாக இதைப் பாரும் என்றார். பிள்ளை நாலு தாள்தான் புரட்டியிருப்பார். சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அயோ துவான், இத்து 'ஜி' செமுவா பாத்தா காக்கி லா!" எல்லா 'ஜி' எழுத்துக்கும் கால் ஒடிந்திருக்கிறதாம். வேறுவேறு பெயர், வேறுவேறு விலாசம், ஆனால் அடித்தது ஒரே மெஷின். சங்கச் செயலாளர் எங்களுக்கு அனுப்பியிருந்த கடிதத்திலும் அதே ஒடிந்த 'ஜி', அவர் அலுவலகத்து மெஷின்தான்.

நான் துள்ளிக் குதித்தேன். "அப்ப அவங்கதான் திருடனுங்க, துவான்! எழுதட்டுமா?"

"ஒரே கையில் எழுதினால் பொய் என்று அன்றைக்குச் சொன்னாய். ஒரே மெஷினில் அடித்தால் பொய் என்று இன்றைக்குச் சொல்கிறாயா?" என்றார். "அவர்களையும் போய்க் கேள்."

எட்டு நாள் அலைந்தோம். பால்காரர்கள் மத்தியானம்தான் ஓய்வாக இருப்பார்கள். காஜா பெராங் சந்துபொந்தெல்லாம் பிள்ளைக்கு அத்துப்படி, எனக்குப் பாஷை. கொட்டகை கொட்டகையாகப் போய், மனுவைப் படித்துக் காட்டி, "இதுதான் நீங்க சொன்னதா?" என்று கேட்டோம். பலபேர் முழித்தார்கள். அவர்கள் சொன்னது வேறு. ஒருவர், தண்டவாளம் பெயர்த்த பழைய ரயில் நிலத்தில்தான் புல் அறுக்கிறேன், அதை விட்டுப் போனால் புல்லுக்கு எங்கே போவேன் என்று சொன்னாராம். ஒருவர் மாட்டைப் பற்றியே பேசவில்லை, தண்ணீர்க் குழாய் கேட்டாராம். எல்லாவற்றையும் சின்னசாமி அண்ணன் ஒரே ரசமாகக் கரைத்துவிட்டிருந்தார்.

மாரியாயி அக்கா கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "இங்க லோங்காங்கே கெடையாது தம்பி. மழ பேஞ்சா சாணித்தண்ணி எங்கதான் போவும்? தேங்கி நிக்குது, ஈ வருது. ஈக்கு மாடு காரணமில்ல, லோங்காங் இல்லாததுதான் காரணம். தரைக்கு சிமெண்டு நாங்க போட்டுக்கிறோம், லோங்காங்க ரோட்டு வரைக்கும் வெட்டி வுடச் சொல்லு. இதத்தான் அண்ணன்கிட்ட சொன்னேன்."

சாக்கடைக் கால்வாயைத்தான் எங்கள் ஊரில் லோங்காங் என்போம். அந்த மனுவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேரே பாசாருக்குப் போய் ஏன் எழுதவில்லை என்று சின்னசாமி அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்யா, துரைமாரு கைல எடுத்துப் படிக்கிற மனுவுல சாணித்தண்ணியப் பத்தி எழுதச் சொல்றியா? மரியாத வேணாம்?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொடுத்த நாற்பத்தொரு மனுவில் அரசாங்கத்துக்கு உபயோகமான ஒரே விஷயத்தை, மரியாதைக்குப் பயந்து அவர் விட்டுவிட்டார். மரியாதையைக் கண்டு எரிச்சல்பட்டு மிச்சத்தை நான் விட்டுவிட்டேன்.

கடற்கரைப் பக்கமும் போனோம். உஜோங் பாசிரில் ஒரு சீன அம்மா, வயிற்றுப்போக்கில் செத்துப் பிழைத்த கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசினார். அவருடைய மனு டைப் அடித்ததுதான், ஆனால் பயம் நிஜம். இன்னொரு வீட்டுக்காரர், செயலாளர் நீட்டினார், கையொப்பம் போட்டேன் என்றார். அவர் வீட்டுப் படியிலேயே காஜா பெராங் பால்கேன் நின்றது. டின்பால் மொத்த வியாபாரி ஒருவர் எங்களுக்கு ஆரஞ்சு கொடுத்து உபசரித்து, "நான் டின்பால் விக்கிற ஆளு, மாடு இருக்கணும்னா சொல்வேன்?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. இஞ்சே ஹம்சா எல்லாவற்றையும் அவரவர் வாயால் சொன்னபடி எழுதச் சொன்னார். எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்று புதிய அறிக்கையில் நான் போட்டிருந்த கட்டத்தை அவரே கோடு போட்டு அடித்துவிட்டார்.

இதற்குள் தமிழ்ப் பத்திரிகையின் கட்டச் செய்தியை ஆங்கிலப் பத்திரிகையும் எடுத்துப் போட்டுவிட்டதால், குழு இரு தரப்பிலும் ஆளை நேரில் வரச் சொன்னது. பால்காரர்கள் மாரியாயி அக்காவை அனுப்பினார்கள். வெளுத்த சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் மொழிபெயர்க்கப் பக்கத்தில் நின்றேன். சங்கச் செயலாளர் ஆங்கிலத்தில் அழகாகப் பேசி முடித்தார். பிறகு குழுத் தலைவர் கோப்பைத் தூக்கிப் பிடித்து, "தனி ஒருவரின் வேலை என்று இதில் குறிப்பு எழுதியது யார்?" என்று கேட்டார். குரலில் சூடு இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் இஞ்சே ஹம்சா எழுந்து நின்றார்.

"அதில் இருப்பது என் கையொப்பம். விசாரிக்காமல் அனுப்பியது என் தவறு" என்றார். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "என்ன சொல்றாரு தம்பி?"

என் வேலை மொழிபெயர்ப்பது. "தப்பு தன்னோடதுன்னு சொல்றாருக்கா" என்றேன். அதோடு நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். "ஆனா அது என் தப்பு. ஒரே ஆளு எழுதுனதுன்னு எழுதுனவன் நான்தான்."

அக்கா என் சட்டைக் கையை விட்டார். "அன்னிக்கு வாசல்ல உன் மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும்பா" என்றார். "அது கெடக்கட்டும். நீ மொதல்ல லோங்காங்கச் சொல்லு."

சொன்னேன். அதுவரை நான் பேசிய ஆங்கிலத்திலேயே நல்ல ஆங்கிலத்தில், சாணித்தண்ணீரைப் பற்றிச் சொன்னேன்.

இன்றைக்கு நினைத்தாலும் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் நன்றி சொல்லத் தோன்றுகிறது. இஞ்சே ஹம்சா அந்த விஷயத்தை அதற்குப் பின் ஒருமுறைகூட எடுத்ததில்லை. அடுத்த ஆண்டு என் வேலையை நிரந்தரமாக்கும் தாளில் கையொப்பமிட்டதும் அவர்தான். மெர்டேக்காவுக்குப் பிறகு வடக்கே மாற்றலாகிப் போனார். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போது சொல்லாமல் விட்டதைத்தான் இத்தனை வருடம் கழித்து இங்கே எழுதுகிறேன்: துவான், நீங்கள் எனக்குச் செய்தது பெரிய உபகாரம்.

மாட்டைத் தடுக்கும் விதி வரவில்லை. சிமெண்டுத் தரையும் ரோட்டு வரைக்கும் கால்வாயும் இருந்தால் வளர்க்கலாம் என்று மாற்றிப் போட்டார்கள். இடவசதி இல்லாத ஐந்தாறு பேர் போகவேண்டித்தான் வந்தது. மாரியாயி அக்காவின் மாடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அன்றைய கூட்டத்தின் கடைசியில் சுகாதார இன்ஸ்பெக்டர், கால்வாய் எத்தனை அகலம் இருந்தால் தண்ணீர் தேங்காமல் ஓடும் என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து, அந்தப் பளபளப்பான மேசைமேல் பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து ஊன்றி, "இம்புட்டு போதும்" என்றார். இன்ஸ்பெக்டர் ஒரு ரூலரை எடுத்து அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எழுதிக்கொண்டார். விதி அச்சாகி வந்தபோது அதில் கால்வாயின் அகலம் ஏழரை அங்குலம் என்று இருந்தது. பின்னால் வந்த இளம் என்ஜினீயர்கள், ஆறு இல்லை, ஒன்பது இல்லை, இதென்ன ஏழரை என்று பல வருடம் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அளந்துதான் எழுதினார்கள் என்பேன். மாரியாயி அக்காவின் கை அவ்வளவு அகலம்தான்.